கொழும்பின் தண்டவாளங்கள்: ஓடி மறைந்த ட்ராம் வண்டியும் வராமற் போன இலகு ரயிலும்

கொழும்பு நகரைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் துறைமுகத்தைப் பற்றியும் கோட்டையைப் பற்றியும் ஆட்சியாளர்கள் வாழ்ந்த மாளிகைகளைப் பற்றியும் நிறையவே பேசுகின்றன. ஆனால், அந்நகரில் அன்றாடம் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போய்வந்த மனிதர்கள் எதில் ஏறிப் போனார்கள், எவ்வளவு நேரம் நடுத்தெருவில் காத்துக் கிடந்தார்கள் என்பன பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கொழும்புத் தெருக்களில் தண்டவாளம் பதிக்கப்பட்டு மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடிய பின்னர் 1960இல் அவை நிறுத்தப்பட்டன. அதன்பின் மேலும் அறுபது ஆண்டுகள் கழிந்து, 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அதே நகரில் தூண்களின் மேல் ஓடவிருந்த இலகு ரயில் திட்டம் ரத்துச் செய்யப்பட்டது. ஒன்று ஓடி மறைந்தது, மற்றது ஓடாமலே மறைந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒரு நகரத்துக்கு இலகு ரயிலினால் வரக்கூடிய நன்மைகளும் தீமைகளும் தெளிவாகப் புலப்படுகின்றன. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமத்துப் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பிக்கும் எனக்குக் கொழும்பின் ரயிலைப் பற்றி என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகின்றது. அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரையுள்ள மக்கள் தமது ஊரில் ரயிலின் ஊதல் சத்தத்தைக் கேட்டதில்லை. ஆயினும் கொழும்பு ரயிலுக்காக வாங்கப்படும் கடனை அடைப்பவர்களில் நாங்களும் அடங்குவோம். சீனியிலும் மாவிலும் மண்ணெண்ணெயிலும் அறவிடப்படும் வரி கொழும்பு, கிராமம் என்று பார்ப்பதில்லை. ஆகவே இக்கணக்கைக் கேட்கும் உரிமை எங்களுக்கும் உண்டு.

பெயர் பற்றி ஒரு விளக்கம்

இலகு ரயில் என்றதும் பாரம் குறைந்த ரயில் என்றே பலரும் விளங்கிக்கொள்கின்றனர். முன்னைய காலத்தில் அப்பொருளிலேயே இச்சொல் வழங்கியது. குறைந்த செலவில், குறைந்த வேகத்துக்கென அமைக்கப்பட்ட புகையிரதப் பாதைகளை ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். 1920களில் எங்கள் கிழக்கு மாகாணத்துக்கு வந்த திருகோணமலை – மட்டக்களப்புப் பாதையும் இலகு ரயில் பாதை என்ற பெயரிலேயே அமைக்கப்பட்டது.

இன்று நாம் பேசும் இலகு ரயில் வேறு. நகரத்துக்குள்ளே, மின்சாரத்தில், சிறிய பெட்டித் தொடர்களாக, அடிக்கடி ஓடும் சேவையையே இது குறிக்கின்றது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் போக்குவரத்து அதிகாரிகள் இச்சொல்லை இப்பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். பழைய ட்ராம் வண்டியின் பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பாதை பற்றியதாகும். ட்ராம் வண்டி மாட்டு வண்டியோடும் மோட்டார் வண்டியோடும் ஒரே தெருவைப் பங்கிட்டுக்கொண்டது. இலகு ரயிலோ தனது பாதையின் பெரும்பகுதியைத் தனக்கென்றே வைத்துக்கொள்கின்றது. நிலத்தில் தனிப் பாதையாகவோ, தூண்களின்மேல் பாலமாகவோ, சில இடங்களில் சுரங்கமாகவோ அது அமையும். இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

மின்சாரத்தோடு வந்த வண்டி

இந்நாட்டில் முதலாவது புகையிரதம் 1864 டிசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. அது கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அமைந்த பாதை. மலையகத்துப் பயிரைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதன் முதல் வேலை. நகரத்து மனிதரை நகரத்துக்குள்ளேயே ஏற்றி இறக்குவதற்கு அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கொழும்பில் வசதியுள்ளோருக்குக் குதிரை வண்டியும் ரிக்சாவும் இருந்தன. மற்றவர்களுக்குக் கால்கள் இருந்தன.

பூஸ்டெட் சகோதரர்கள் என்ற பிரித்தானிய வர்த்தக நிறுவனமே கொழும்புக்கு ட்ராம் வண்டியைக் கொண்டுவந்தது. இதே நிறுவனமே 1895இல் கோட்டைப் பகுதியில் மின்விளக்கையும் ஏற்றியது. 1899 – 1900 காலப்பகுதியில் ட்ராம் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. 1902இல் இதற்கென்று ஒரு கம்பனி உருவானது. கொழும்பு மின்சார ட்ராம் பாதை மற்றும் விளக்கேற்றல் கம்பனி என்பது அதன் பெயர். அப்பெயரே ஒரு வரலாற்றுச் சான்றாகும். புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதியில் இருந்த மின் நிலையம் விளக்குகளுக்கும் ட்ராமுக்கும் சேர்த்தே மின்சாரம் கொடுத்தது. விளக்கு இரவில்தான் எரியும். ட்ராம் பகலில் ஓடும். பகலில் சும்மா கிடக்கக்கூடிய இயந்திரத்துக்கு ட்ராம் வேலை கொடுத்தது. இக்காலத்தில் பொதுப் போக்குவரத்தை வெறும் நட்டம் என்று பேசுவோர், நகரத்துக்கு மின்சாரம் வந்தபோது அதற்குத் துணை நின்றவற்றுள் ஒன்று பொதுப் போக்குவரத்தே என்பதைக் கவனிக்க வேண்டும்.

ட்ராம் பாதைகள் இரண்டு. இரண்டும் கோட்டையிலிருந்து புறப்பட்டன. ஒன்று புறக்கோட்டையைத் தாண்டி கிராண்ட்பாஸுக்கும், மற்றது மருதானை வழியாகப் பொரளைக்கும் சென்றன. இப்பாதைகள் சென்ற பகுதிகளைப் பாருங்கள். புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகள், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள், மருதானையின் புகையிரத வேலைத் தலங்கள், அச்சகங்கள், சிறு கடைகள் என்பனவெல்லாம் இவ்வழிகளை அண்டியே இருந்தன. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் மலாயரும் கலந்து வாழ்ந்த உழைப்பாளர் கொழும்பு அது. கறுவாத்தோட்டத்து மாளிகைகளில் இருந்தோருக்கு ட்ராம் ஓர் அவசியமாக இருக்கவில்லை. ட்ராம் இவர்களுடைய வண்டியாகவே இருந்தது.

எங்களூர்ப் பெரியவர் ஒருவர் 1950களில் புறக்கோட்டையிலே ஒரு புடவைக் கடையில் சிப்பந்தியாக இருந்தவர். நான் ஆசிரிய கலாசாலையிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவரிடம் கொழும்புக் கதைகள் கேட்பதுண்டு. ட்ராமைப் பற்றி ஒருநாள் கேட்டபோது அவர் சொன்னார்: "ட்ராமுல ஏறினா சட்ட மடிப்புக் கலையாமக் கடைக்குப் போகலாம் மகன். ஆனா முன்னால ஒரு மாட்டு வண்டி தண்டவாளத்துல நிண்டிச்செண்டா, அது நகருமட்டும் நாங்க எல்லாரும் அதுக்குப் பொறகாலதான் நிக்கணும்."

ட்ராம் வண்டியின் நன்மையையும் குறையையும் இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

1929ஆம் ஆண்டு

ட்ராம் வண்டியின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை ஓட்டியவர்களும் பயணச்சீட்டுக் கொடுத்தவர்களும் ஒரு தனியார் கம்பனியின் தொழிலாளர்கள். 1929 ஜனவரியில் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவோடு அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெப்ரவரி மாத ஆரம்பத்தில் அது கலவரமாக வெடித்தது. மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது, பொலிஸார் சுட்டனர், உயிர்கள் பலியாகின. இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இவ்வேலைநிறுத்தம் முக்கியமான ஒரு திருப்பமாகக் கொள்ளப்படுகின்றது. அதே ஆண்டில் முதலாளிமார் தமக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்துக்கொண்டதும், தொழிற்சங்கத்தோடு முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைச் செய்ததும் குறிப்பிடத்தக்கன.

தண்டவாளப் போக்குவரத்தின் இயல்பு ஒன்றை இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டுகின்றது. ஒரு பஸ் பழுதானால் அடுத்த பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ட்ராம் அப்படியல்ல. ஒரு கம்பனி, ஒரு மின் நிலையம், இரண்டு பாதைகள் மாத்திரமே. ஓரிடத்தில் நின்றால் எல்லாம் நிற்கும். தொழிலாளருக்கு அது பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது. நகரவாசிக்கோ அது நம்பியிருந்த ஒன்று திடீரென இல்லாமற் போகும் ஆபத்தாகவும் இருந்தது.

ட்ராம் ஏன் மறைந்தது?

ட்ராம் பழசாகிவிட்டது, பஸ் வந்தது, அதனால் ட்ராம் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். இது பாதி உண்மையே.

1920களிலிருந்து கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் பஸ் வண்டிகள் பெருகின. நகரம் நுகேகொடைக்கும் கோட்டேக்கும் அப்பால் விரிந்தபோது பஸ் அதன் பின்னாலேயே போனது. ட்ராம் பொரளையிலும் கிராண்ட்பாஸிலும் நின்றுகொண்டது. தண்டவாளத்தை நீட்டுவதற்குப் பணம் வேண்டும். பாதை போட்ட கம்பனிக்கு அதில் நாட்டமிருக்கவில்லை. 1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. சபைக்குக் கிடைத்தவை நாற்பத்தைந்து ஆண்டுகள் தேய்ந்த வண்டிகளும் யுத்த காலத்தில் தக்கபடி பராமரிக்கப்படாத பாதைகளுமே. 1953இல் தண்டவாளமில்லாமல் மின்கம்பியில் மாத்திரம் ஓடும் ட்ரொலி பஸ் வண்டிகளைச் சபை அறிமுகப்படுத்தியது. 1960இல் ட்ராம் முற்றாக நின்றது. அதனிடத்துக்கு வந்த ட்ரொலி பஸ்ஸும் 1964இல் நின்றுபோனது. இதற்கிடையே 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாகியிருந்தது.

இது கொழும்புக்கு மட்டும் நேர்ந்ததன்று. கொழும்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1895இல், சென்னையில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. அதை நடத்திய கம்பனி நொடித்துப்போய் 1953இல் சேவை நின்றது. லண்டன் மாநகரம் தனது பழைய ட்ராம்களை 1952இல் வீட்டுக்கு அனுப்பியது. உலகமெங்கும் மோட்டார் காருக்குத் தெருவைத் திறந்துவிட்ட காலம் அது. ஆனால் அதே நகரங்கள் பின்னர் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்சின் நாந்த் நகரம் 1985இல் புதிய ட்ராமை ஓடவிட்டது. துனிஸ் நகரில் அதே ஆண்டில் இலகு ரயில் ஆரம்பமானது. பாரிஸ் புறநகருக்கு 1992இலும், லண்டனின் குரொய்டன் பகுதிக்கு 2000இலும், மொரோக்கோவின் ரபாத்துக்கு 2011இலும், கஸாபிளாங்காவுக்கு 2012இலும் தண்டவாளம் மீண்டும் வந்தது. கார்களுக்குத் திறந்துவிட்ட தெரு கார்களாலேயே அடைபட்டுப் போனதே இதற்குக் காரணமாகும்.

மாலபே வழி

கொழும்பிலும் அதுவே நடந்தது. 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குக் குடிபெயர்ந்தது. அதைத் தொடர்ந்து அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லைப் பக்கம் போயின. மாலபேயில் உயர்கல்வி நிறுவனங்கள் முளைத்தன. கொழும்பிலிருந்து வடக்கே கம்பஹாவுக்கும், தெற்கே கரையோரமாக மொறட்டுவைக்கும், நுகேகொடை வழியாக அவிசாவளைக்கும் புகையிரதப் பாதைகள் இருக்கின்றன. பொரளை, ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே என்ற வழிக்கு மாத்திரம் எந்தப் பாதையும் இல்லை. அதாவது, 1960இல் ட்ராம் கடைசியாக நின்ற பொரளைக்கு அப்பால்தான் புதிய தலைநகரம் எழுந்தது.

எங்கள் மாகாணத்து ஆசிரியர்கள் இந்த வழியை நன்கறிவார்கள். இடமாற்றமோ, பதவியுயர்வோ, சான்றிதழ் அலுவலோ ஏதாவதொன்றுக்காக வருடத்தில் ஒரு தடவையாவது பத்தரமுல்லைக்குப் போக நேரிடும். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, சுபஹுத் தொழுதுவிட்டு, தேநீர் குடித்துப் புறப்படுவோம். ஊரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்த களைப்பைவிட, புறக்கோட்டையிலிருந்து பத்தரமுல்லைக்குப் போகும் பத்துப் பதினைந்து கிலோமீற்றரின் களைப்பே பெரிது. ராஜகிரியவில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வெளியே பார்த்தால், ஒவ்வொரு காரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் பஸ்ஸில் எண்பது பேர் இருப்போம். தெருவில் இருவருக்கும் ஒரே உரிமை. இதிலுள்ள அநீதியை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

ஜப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகத்தின் உதவியோடு 2014இல் தயாரிக்கப்பட்ட கொழும்புப் பெருநகரப் போக்குவரத்துத் திட்டம், மாலபே வழியை முதன்மையான நெரிசல் வழிகளில் ஒன்றாக இனங்கண்டது. முதலில் ஒற்றைத் தண்டவாள ரயில் பற்றிப் பேசப்பட்டது. பின்னர் அது இலகு ரயிலாக மாறியது. கோட்டையிலிருந்து பொரளை, ராஜகிரிய, பத்தரமுல்லை ஊடாக மாலபே வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், முழுவதும் தூண்களின்மேல் என்பதே திட்டம். 2019 மார்ச்சில் முதற்கட்டக் கடனுக்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏறத்தாழ 3,000 கோடி யென். வருட வட்டி 0.1 சதவீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். முதன்மை ஒப்பந்தங்கள் ஜப்பானிய நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும், பொருட்களில் ஒரு பங்கு ஜப்பானிலிருந்து வரவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளும் அதில் அடங்கியிருந்தன.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. 2020 செப்டெம்பரில், செலவு மிக அதிகம், கொழும்பின் போக்குவரத்துக்கு இது பொருத்தமான தீர்வன்று என்ற காரணம் கூறப்பட்டு, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் பணிப்பின்பேரில் திட்டம் கைவிடப்பட்டது. ரத்துச் செய்யப்பட்டதனால் ஆலோசனை நிறுவனம் கோரிய நட்டஈடு 500 கோடி ரூபாவைத் தாண்டியதாக 2022இல் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வெளிப்படுத்தியது. திட்டத்தை மீளத் தொடங்குவது பற்றி அதன்பின் பல தடவை பேசப்பட்டது. பேச்சுகள் தூணாக எழவில்லை.

எதிர்த்தோர் வாதம்

திட்டத்தை எதிர்த்தவர்கள் எல்லோரையும் அறிவிலிகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுடைய வாதத்திலும் உண்மை இருந்தது.

முதலாவது, கடன். வட்டி குறைவுதான். ஆனால் கடன் யென்னில் வாங்கப்படுகின்றது, பயணச்சீட்டு ரூபாவில் விற்கப்படுகின்றது. 2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியதை நாம் கண்டோம். ரூபா விழும்போதெல்லாம் கடன் தானாகவே வளரும்.

இரண்டாவது, நின்றுபோகும் அபாயம். 2022 ஏப்ரலில் இந்நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்ததும், ஜப்பானியக் கடனில் நடந்த கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்க வேலை இடைநடுவில் நின்றது. இலகு ரயில் வேலை தொடங்கியிருந்தால், ராஜகிரியவிலும் பத்தரமுல்லையிலும் பாதி எழுந்த தூண்கள் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கவும் கூடும்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரமில்லாத நாட்டில் மின்சார ரயில் எப்படி ஓடும் என்று கேட்டால் பதில் சொல்வது எளிதன்று. ஆனால், அதே ஆண்டில் பெற்றோலும் டீசலும் இல்லாமல் பஸ்ஸும் ஓடவில்லை என்பதையும் மறக்கலாகாது. எங்கள் பாடசாலைக்கு ஆசிரியர்கள் சைக்கிளில் வந்தார்கள், தூரத்து ஆசிரியர்கள் வரவேயில்லை. மின்சாரத்தை நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் நாமே உண்டாக்கலாம். டீசலை உண்டாக்க முடியாது.

நான்காவது, வழியிலுள்ளோரின் இழப்பு. தூண்களுக்கும் நிலையங்களுக்கும் காணி வேண்டும். அதில் வீடு இழப்போரும் கடை இழப்போரும் இருப்பர். முச்சக்கர வண்டிச் சாரதியும் தனியார் பஸ் நடத்துநரும் வருமானம் குறையுமென அஞ்சுவர். ட்ராம் வந்தபோது ரிக்சா இழுத்தவனும் இவ்வாறே அஞ்சியிருப்பான். அவனது அச்சத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

பிற நகரங்களின் பாடம்

இவ்விடத்தில் எம்மை ஒத்த வறிய நாடுகளின் இரண்டு நகரங்களைப் பார்ப்பது பொருத்தமாகும்.

பிலிப்பைன்ஸின் மணிலா நகரில் 1984 டிசெம்பரில் முதலாவது இலகு ரயில் பாதை திறக்கப்பட்டது. கொழும்புக்குத் திட்டமிட்டது போலவே முழுவதும் தூண்களின்மேல், ஏறத்தாழ 15 கிலோமீற்றர். பெல்ஜியத்தின் உதவியோடும் அந்நாட்டுப் பெட்டிகளோடும் அது வந்தது. மக்கள் திரண்டு ஏறினார்கள். ஆனால் பராமரிப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1990 அளவில், திறந்து ஆறே ஆண்டுகளில், பெட்டிகளும் பாதையும் மோசமாகச் சீர்கெட்டிருந்தன. அதுமட்டுமன்று. பாதை மேலே சென்ற ரிஸால் அவெனியூ ஒருகாலத்தில் மணிலாவின் சினிமாக் கொட்டகைகளும் பெரிய கடைகளும் நிறைந்த தெரு. தலைக்கு மேல் பாலம் வந்ததும் வெளிச்சம் குன்றி, அத்தெருவின் சரிவுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. இவ்வளவுக்கும் பின்னரும் மணிலா அந்த ரயிலைக் கைவிடவில்லை. பழுதுபார்த்தது, புதிய பெட்டிகள் வாங்கியது, பாதையை நீட்டியது. அது இல்லாத மணிலாவை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம்.

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா நகரம் 2015இல் இலகு ரயிலைத் தொடங்கியது. இரண்டு பாதைகள், ஏறத்தாழ 34 கிலோமீற்றர், 39 நிலையங்கள், 41 ரயில்கள். செலவு 47 கோடியே 50 லட்சம் டொலர். அதில் 85 சதவீதம் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். கட்டணம் சில பிர் மாத்திரமே என்பதால் ஏழைகள் ஏறினார்கள். ஆனால் அந்தக் கட்டணத்தால் பராமரிப்புச் செலவை ஈடுசெய்ய முடியவில்லை. உதிரிப்பாகம் வாங்க அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான ரயில்கள் ஓடாமல் தரித்து நின்றன. இன்னொரு குறையும் இருந்தது. தரைமட்டத்தில் வேலியிட்டுச் சென்ற பாதை, தெருவின் இருபுறத்து மக்களையும் பிரித்துவிட்டது. எதிரே தெரியும் கடைக்குப் போக நெடுந்தூரம் சுற்ற வேண்டியதாயிற்று.

இவ்விரு நகரங்களும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். தண்டவாளம் போடுவதற்குக் கடன் கொடுக்க வெளிநாடுகள் முன்வரும். ஆனால் அதை முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டிக்கொண்டிருப்பதற்கு யாரும் கடன் தருவதில்லை. அது அந்நகரமே சுமக்க வேண்டிய பாரம். 1944இல் தேய்ந்த வண்டிகளைப் பொறுப்பேற்ற கொழும்பு மாநகர சபையும் இப்பாடத்தையே படித்தது.

நன்மையும் தீமையும் ஒரே வேரில்

நன்மைகளைத் தனியே நிரைப்படுத்துவது கடினமன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு குறைவு. ஆதலால் ஒரு மனிதரைக் கொண்டுபோகச் செலவாகும் சக்தியும் குறைவு. ஒரே சாரதி பல பஸ்களின் சனத்தை ஒரே தொடரில் ஏற்றிச் செல்லலாம். புகை தெருவில் கக்கப்படுவதில்லை. தனிப் பாதையென்பதால் நேரம் தவறுவது குறைவு. நேரம் தவறாமை பணக்காரரைவிட ஏழைக்கே அதிகம் பெறுமதியுடையது. அரை மணித்தியாலம் பிந்தினால் சம்பளம் வெட்டப்படுபவர் காரில் வரும் முகாமையாளர் அல்லர், கடைச் சிப்பந்தியே.

ஆயினும், நான் சொல்ல விரும்புவது வேறொன்று. இலகு ரயிலின் மிகப் பெரிய குறையாகச் சொல்லப்படுவது, அது அசையாதது என்பதாகும். பஸ்ஸை நாளைக்கே வேறு வழியில் விடலாம். தண்டவாளத்தை அப்படி மாற்ற முடியாது. ஆனால் அதன் மிகப் பெரிய நன்மையும் அதுவே. பாதை அசையாது என்று தெரிந்தால்தான் ஒருவர் அதனருகே வீடு பார்ப்பார், இன்னொருவர் கடை திறப்பார், பெற்றோர் பிள்ளையைத் தூரத்துக் கல்லூரிக்கு நம்பி அனுப்புவர். தண்டவாளம் என்பது நகரம் தன் மக்களுக்குக் கொடுக்கும் நீண்டகால வாக்குறுதி. வாக்கைக் காப்பாற்றத் தெரிந்த நகரத்துக்கு அது வரம். ஆட்சி மாறினால் கொள்கையும் மாறும் நகரத்துக்கு அது வெறும் கடன்.

கொழும்பு இவ்வாக்கை இருமுறை மீறியிருக்கின்றது. முதல் முறை பராமரிக்காமல் விட்டு, தேய்ந்த பின் கழற்றியெறிந்து மீறியது. இரண்டாம் முறை கையெழுத்திட்டு ஏறத்தாழ பதினெட்டு மாதத்தில் மீறியது. முதல் முறை உழைப்பாளர்கள் தம் வண்டியை இழந்தனர். இரண்டாம் முறை, ரயிலும் இல்லை, நட்டஈட்டுப் பொறுப்பு மாத்திரம் எஞ்சியது. ரயிலைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கிராமத்தவன் பங்கு கொடுக்கவே வேண்டும் என்பதுதான் இதில் நான் கண்ட பாடம்.

ஆகவே, வருங்காலத்தில் எந்த அரசாங்கமாவது இத்திட்டத்தை மீண்டும் எடுக்குமாயின், மூன்று விடயங்களை முன்கூட்டியே மக்களிடம் தெளிவுபடுத்த வேண்டும். பராமரிப்புக்கான பணம் ஆண்டுதோறும் எங்கிருந்து வரும் என்பது ஒன்று. மாலபேக்கு அப்பாலுள்ள பஸ்களும் மற்றப் புகையிரதங்களும் ஒரே சீட்டில் இதனோடு எவ்வாறு இணையும் என்பது இரண்டு. ஆட்சி மாறினாலும் மாறாத உடன்பாடு பாராளுமன்றத்தில் எட்டப்பட்டுள்ளதா என்பது மூன்று. இம்மூன்றுக்கும் விடையில்லையேல், தண்டவாளத்தைக் கைவிட்டு, இருக்கும் தெருவில் பஸ்ஸுக்கென ஒரு நிரலை ஒதுக்கினாலே போதும். அதற்கு யென்னும் வேண்டாம், டொலரும் வேண்டாம். ஒவ்வொரு காரிலும் தனியே இருக்கும் அந்த ஒருவரைச் சற்று ஒதுங்கச் சொல்லும் துணிவு மாத்திரம் வேண்டும்.

அந்தத் துணிவு இல்லாத இடத்தில் தூண்களை எழுப்பினாலும் பயன் பெரிதாக இராது என்பது எனது அபிப்பிராயம்.